அரை மாத்திரையில் ஒரு கழுத்து

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து இரண்டு வாரம் இருக்கும். திருத்தணி மலையிலிருந்து இறங்கிச் சென்னை சாலையைப் பிடித்திருந்தோம். மாப்பிள்ளை வண்டி ஓட்டினார், நான் பக்கத்தில். பின்சீட்டில் தங்கையும், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு அவள் மடியில் தூங்கிப்போன பையனும். ஊரைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை. மாப்பிள்ளை வண்டியை ஏறக்குறைய நிறுத்தினார். பின்னாலிருந்து ஒரு 'டொம்'.

இறங்கிப் பார்த்தால் ஆந்திரப் பதிவெண் போட்ட ஒரு கார். ஓட்டி வந்தவர் கையைக் கூப்பிக்கொண்டே வந்தார். தெலுங்கு வாசம் வீசும் தமிழில், "சாரி சார், பிரேக் பிடிக்கிறதுக்குள்ள… யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார். தங்கை பையனைத் தடவிப் பார்த்தாள். நான் என் முட்டியைத் தடவிப் பார்த்தேன், ஏன் முட்டி என்று இன்றும் தெரியவில்லை. "ஒண்ணும் ஆகல" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். பம்பரில் ஒரு கீறல். அவர் 2,000 ரூபாய் நீட்டினார், மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கி வாங்கிக்கொண்டார். விவகாரம் முடிந்தது.

மறுநாள் காலை பல் துலக்கக் குனிந்தவன் நிமிர முடியவில்லை. வலது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் தோள், இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்து, பீரோவை நகர்த்துவதுபோல் திருப்ப வேண்டியிருந்தது. தங்கைக்குப் போன் போட்டேன். அவளுக்கும் அதே கதை, என்னைவிட மோசமாக.

'ஒண்ணும் ஆகல' என்று நாங்கள் சொன்னது பொய்யில்லை. சொன்ன நேரத்தில் உடம்பு இன்னும் வாய் திறந்திருக்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் இடிபடும் விபத்துகளின் விசித்திரமே இதில்தான் இருக்கிறது. காயம் உண்டாவது ஒரு வேகத்தில், உடம்பு அதைத் தெரிவிப்பது வேறொரு வேகத்தில், சட்டம் அதை விசாரிப்பது இன்னொரு வேகத்தில்.

முதல் வேகத்தை அளக்கத் தமிழில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது விரலை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. கண் ஒரு தடவை இமைக்க நொடியில் 10-இல் 1 பங்கிலிருந்து 4 பங்கு வரை ஆகிறது. நடுவாக 0.3 நொடி என்று வைத்துக்கொண்டால், அரை மாத்திரை 0.15 நொடி. எங்கள் கழுத்துகளுக்கு ஆனதெல்லாம் அதற்குள் ஆகி முடிந்துவிட்டது. 'க்' என்று சொல்லும் நேரம்.

அந்த அரை மாத்திரையை விரித்துப் பார்க்கலாம். நின்ற வண்டியைப் பின்னால் வந்தது இடிக்கிறது. கார் முன்னே பாய்கிறது. காரோடு சீட், சீட்டோடு முதுகு. தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நியூட்டனின் முதல் விதி சொல்லும் பிடிவாதம் இது. தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அதைத் தாங்குவது ஏழே ஏழு எலும்புக் கண்ணிகள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் ஏழுதான், நீளம்தான் வேறு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு காரும் ஒரே எடை, இடித்தது 20 கிலோமீட்டர் வேகத்தில், இடித்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்கின்றன என்றால், நின்ற கார் ஒரே உதையில் 10 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிடும். இது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நடக்கிறது. தலையும் அதே நேரத்துக்குள் அதே வேகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால், கழுத்து அதைக் கிட்டத்தட்ட 14 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னே இழுக்க வேண்டும். வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் இருக்கிற வாயு 14.2 கிலோ. அந்த எடையைக் கழுத்தில் கயிறு கட்டி முன்பக்கமாகச் சுண்டி இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதுவும் சராசரிதான், உச்சத்தில் இன்னும் கூடும். இடித்தது காராக இல்லாமல் 16 டன் லாரியாக இருந்தால், 1 டன் காருக்கு லாரியின் வேகம் ஏறக்குறைய முழுசாகவே வந்து சேரும்.

தலை பின்னால் மடிந்து, கழுத்து சாட்டைபோல் வளைவதால்தான் காயம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 'விப்லாஷ்' என்ற பெயரே அப்படி வந்தது. இந்தியாவிலிருந்து ஸ்வீடன் போய், பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயந்திரவியலை ஆராய்ந்த மனோகர் பஞ்சாபியும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சித்திரத்தை மாற்றியது. தானமாகக் கிடைத்த கழுத்தெலும்புத் தொடர்களைச் சறுக்குமேடையில் வைத்து மோதவிட்டுப் பார்த்தார்கள். முழுக்கழுத்தும் பின்னால் வளைவதற்கு முன்பே, முதல் 100 மில்லிநொடிக்குள், அது ஒரு கணம் நெளிகிறது. கீழ்க்கண்ணிகள் பின்பக்கம் மடிய, மேல்கண்ணிகள் முன்பக்கம் மடிகின்றன. படமெடுக்க எழும் பாம்பின் நெளிவு. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தலை அசைந்ததாகவே தோன்றாத அந்தக் கணத்தில், கீழ்க்கழுத்தின் மூட்டுகள் தம் இயல்பான எல்லையைத் தாண்டிவிடுகின்றன. ஜப்பானில் தன்னார்வலர்களையே மிகக் குறைந்த வேகத்தில் மோதவைத்து எக்ஸ்ரே படம் ஓடவிட்டபோதும், உயிருள்ள கழுத்தின் மூட்டுகள் இயல்புக்கு மாறாக நகர்வது தெரிந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் பின்னால் இரண்டு சின்ன மூட்டுகள், கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியவை. பல பேருடைய தீராத கழுத்துவலிக்கு ஊற்று அங்கேதான் என்று பின்னாளில் கண்டார்கள்.

தசைகள் என்ன செய்துகொண்டிருந்தன? கழுத்துத் தசைகள் விழித்துக்கொண்டு முறுக்கேறி முழு பலத்துக்கு வருவதற்குள் அரை மாத்திரை கடந்துவிடுகிறது. வருவது தெரியாததால் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளவும் வழியில்லை. மாப்பிள்ளைக்கு வலி வரவில்லை. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டாராம். எங்களிடம் சொல்லத்தான் நேரமில்லை.

எங்கள் பம்பரில் கீறல்தானே இருந்தது? காப்பீட்டுக் கம்பெனிகளின் வாதமும் பெரும்பாலும் இதுதான். வண்டிக்கே ஒன்றும் ஆகவில்லை, ஆளுக்கு எப்படி ஆகும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்பியல் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ளாது. தகடு நசுங்கும்போது மோதலின் நேரம் நீள்கிறது, நேரம் நீண்டால் விசை குறைகிறது. தென்னை மரத்திலிருந்து விழுகிறவன் வைக்கோல்போரில் விழுந்தால் பிழைப்பதற்கும் காரணம் இதே. குறைந்த வேக மோதலில் நசுங்காத விறைப்பான பம்பர், அடியை அப்படியே உள்ளே இருப்பவருக்குக் கைமாற்றிவிடும். கீறல்கூட விழாத காரில் கழுத்து பிசகுவது நடக்கக்கூடியதே.

தங்கைக்கு வலி அதிகமாக இருந்ததும் தற்செயல் என்று தோன்றவில்லை. இவ்வகைக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கழுத்து மெலிது, தசை குறைவு. ஆனால் சீட்டுகளைச் சோதித்துப் பார்க்கப் பல்லாண்டுகளாக உட்கார்த்தி வைக்கப்பட்ட பொம்மை சராசரி ஆணின் உடம்பு. சராசரிப் பெண்ணின் அளவில் பின்மோதல் பொம்மையை ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு 2022-இல்தான் செய்து காட்டியது. கார் வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

காரில் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு உண்டு. நாம் ஹெட்ரெஸ்ட் என்று சொல்கிறோம், தலையணை என்று நினைக்கிறோம், தலை சாய்க்க வசதியாகக் கடைசிப் பல்லுக்கு இறக்கி வைக்கிறோம். அது சாய்ந்துகொள்ள வைத்த சாமானே இல்லை, தலை பின்னால் போகாமல் மறிப்பதற்காக வைத்தது. அமெரிக்காவில் 1969 ஜனவரி 1 முதல் முன்சீட்டுகளுக்கு இது கட்டாயம். அதன் மேல்விளிம்பு உச்சந்தலைக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும், பிடரிக்கும் அதற்கும் நான்கு விரற்கடைக்கு மேல் இடைவெளி கூடாது. இறக்கி வைத்தால் அது பிடரிக்குக் கீழே நெம்புகோலின் முட்டுக்கட்டையாகிவிடும். திருத்தணி மலையடிவாரத்தில் நிற்கிற வண்டிகளை ஒரு நாள் சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். மேலே ஏற்றிய ஹெட்ரெஸ்ட்டைத் தேட வேண்டியிருந்தது. பல வண்டிகளில் அதன் மேல் மாலை தொங்கியது.

இனி இரண்டாவது வேகம். கிழிந்த இழைகள் நுண்ணியவை. வீக்கம் ஊறிவர மணிக்கணக்காகும். விபத்தின் பதற்றத்தில் சுரக்கிற அட்ரினலின் வலியை ஒத்திவைக்கும். பெரும்பாலோருக்கு அன்று இரவோ மறுநாளோதான் கழுத்து பேச ஆரம்பிக்கும். அதற்குள் கைகுலுக்கியாயிற்று, வண்டி எண்கூட யாரும் குறித்துவைத்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் அடிபட்டவர் முதலில் யோசிக்கும் ஊர் புத்தூர். நகரி தாண்டி, அதே திருப்பதி சாலையில். புத்தூர் கட்டு என்றால் கன்னியாகுமரி வரை தெரியும். பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. எலும்பு முறிந்த இடத்தை அசையாமல் வைத்தால் எலும்பு தானே கூடும் என்ற அறிவு அந்தக் கட்டுக்குள் இருக்கிறது. கழுத்துப் பிசகில் நிலைமை தலைகீழ். கனடாவின் கியூபெக்கில் கூடிய நிபுணர் குழு 1995-இல் சொன்னது, முறிவு இல்லை என்று உறுதியானபின் பட்டை கட்டி அசையாமல் வைப்பதைவிடச் சீக்கிரம் வழக்கமான வேலைக்குத் திரும்பிக் கழுத்தை மெல்ல அசைப்பதே மேல் என்று. பத்திரமாக இருக்கட்டும் என்று வாரக்கணக்கில் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருப்பவர்தான் விறைத்துப்போகிறார். கட்டுப்போட்டுப் பழகிய ஊருக்கு இது ஏற்க முடியாத வைத்தியம். என் அத்தை இன்றுவரை ஏற்கவில்லை.

கட்டுக்குப் போவதில் காகிதச் சங்கடமும் உண்டு. கேஸ் என்று வந்தால் வக்கீல் முதலில் கேட்பது ஏ.ஆர். காப்பி. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிற அந்த ஒரு பக்கம்: எந்த நாள், எத்தனை மணி, எப்படி அடிபட்டதாகச் சொன்னார், எங்கே வலி. அது இல்லாமல் நேரே கட்டுக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வந்தால், எந்த விபத்தில் வந்த வலி என்று எதிர்த்தரப்பு கேட்கும். விப்லாஷில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பெரும்பாலும் சுத்தமாகவே இருப்பதால், அந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. மறுநாள் வலித்தால் மறுநாளே போய்ப் பதியலாம், தவறில்லை.

மூன்றாவது வேகம் காவல் நிலையத்தில் தொடங்குகிறது. 2022-இல் வந்த மத்திய விதிகளின்படி, விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் போலீசார் முதல் விபத்து அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள். தமிழகத்தில் அந்த 48-க்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. எல்லையோர ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

எல்லையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆந்திரம் தனி மாநிலமானபோது அந்தப் பக்கம் போன திருத்தணி, ம.பொ.சி. முன்நின்ற போராட்டத்துக்குப் பின், எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்று நகரிக்காரர் திருத்தணியிலும் திருத்தணிக்காரர் புத்தூரிலும் மோதிக்கொண்டால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு அடிபட்டவர் பக்கம் நிற்கிறது. விபத்து நடந்த இடம், அடிபட்டவர் குடியிருக்கும் இடம், எதிராளி இருக்கும் இடம், இவற்றில் எங்கு வேண்டுமானாலும் மனுப்போடலாம். காப்பீட்டுக் கம்பெனிக்கு அலுவலகம் இருக்கிற ஊரும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. ஆந்திர வண்டி இடித்ததற்காக வாய்தா வாய்தாவாக ஆந்திரத்துக்கு அலைய வேண்டியதில்லை. பணம் தருவது பெரும்பாலும் இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும், முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று கம்பெனிக்கு உத்தரவிடும் வழக்கம் இருக்கிறது.

பின்னால் வந்து இடித்தவன் மேல்தான் தப்பு என்பது ஊர் நியாயம். சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது, ஆனால் ஒரு கணக்கோடு. 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், முன்னே போன லாரிக்கு 10 முதல் 15 அடி பின்னால் வந்த கார் லாரியில் மோதியது. லாரி சட்டென்று பிரேக் அடித்தது என்பது வாதம். கோர்ட் ஒப்பவில்லை. போதிய தூரம் என்றால் நல்ல நிலைமையில்கூட 2 முதல் 3 நொடி இடைவெளி வேண்டும் என்றது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 15 அடியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? 0.27 நொடி. ஒரு மாத்திரைகூட முழுசாக இல்லை. கண் இமைத்துத் திறப்பதற்குள் லாரியின் பின்பலகை மூக்கில் இருக்கும்.

எல்லா வழக்கும் இப்படிப் போவதில்லை. கோயம்புத்தூரில் 2017 ஜனவரியில் ஒரு பொறியியல் மாணவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முன்னே போன கார் நெடுஞ்சாலை நடுவில் திடீரென நின்றது. அவர் அதன் பின்னால் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் ஏறியது, இடது கால் போயிற்று. கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டலாக இருந்ததால் நிறுத்தினேன் என்றார் கார்க்காரர். மனிதருக்கு வரக்கூடிய அவசரம்தான். ஆனால் சைகை எதுவும் காட்டாமல் வேகமான சாலையில் அப்படி நிற்பது கவனக்குறைவே என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார்க்காரர் பங்கு 50 சதவீதம், பஸ் 30, போதிய தூரம் விடாமல் போன, லைசென்ஸ் இல்லாத மாணவர் 20. மொத்த இழப்பீடு ஏறத்தாழ 1.14 கோடி, அதில் அவர் பங்கைக் கழித்து 91 லட்சத்துச் சொச்சம். ஒரு பிரேக் மிதியை மூன்றாகப் பிரித்துச் சதவீதம் போட எட்டரை ஆண்டு ஆகியிருக்கிறது.

வலியை ரூபாயாக்கும் கணக்குக்கு வருவோம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை என்று திருத்தணியைச் சுற்றி விசைத்தறி ஊர்கள். தறி ஓட்டுகிற ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது 38, மாதம் 15,000 ரூபாய். ஒரே ஆள் பல தறி பார்க்க வேண்டும். எந்தத் தறியில் இழை அறுந்தது என்று காது சொல்லும், கழுத்து திரும்பும். நாள் முழுக்க இடமும் வலமும். அவர் கழுத்து பாதிதான் திரும்புகிறது என்றால் அது எத்தனை சதவீத ஊனம்? டாக்டர் ஓர் எண் சொல்வார். அதோடு கணக்கு முடிவதில்லை. உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு அநேகமாக முழுதும் போகும், அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் உதாரணம். எங்கள் கழுத்துக்கும் அது பொருந்தும். எழுதிப் பிழைக்கிற எனக்குத் திரும்பாத கழுத்து ஒரு தொல்லை, தறிக்காரருக்கு அது கூலி.

பிழைப்பின் இழப்பு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. 40 வயதுக்குக் கீழ் என்பதால் பின்னால் கூடியிருக்கக்கூடிய வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. அதில் 20 சதவீதம் 50,400. இதை எத்தனை ஆண்டுக்குப் பெருக்குவது? 60 வயது வரை என்றால் 22. ஆனால் 2009-இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணை 36 முதல் 40 வயதுக்கு 15 என்கிறது. 15-ஆல் பெருக்க 7,56,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலிக்கான தொகை, வேலைக்குப் போகாத நாளின் கூலி எல்லாம் தனி. மனுப்போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு.

22 எப்படி 15 ஆயிற்று? கோர்ட்டின் கருமித்தனம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 22 ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டிய பணத்தை இன்றே மொத்தமாகக் கொடுத்தால், வாங்குகிறவர் அதை வங்கியில் போட்டு வட்டியும் வாங்குவார். அந்த வட்டியை முன்கூட்டியே கழிப்பதுதான் இந்தச் சுருக்கம். விலைவாசி ஏற்றம்போக நிகரமாக 4 சதவீத வட்டி என்று நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22 ஆண்டு ஏறத்தாழ பதினாலரை ஆண்டாகச் சுருங்குகிறது, அட்டவணையில் 15. முப்பது வயதுக்காரரின் 30 ஆண்டு 17.3 ஆகிறது, அட்டவணையில் 17. நீதிபதிகள் இந்தச் சூத்திரத்தைப் போட்டு அட்டவணை எழுதவில்லை, பழைய தீர்ப்புகளை அலசி எழுதினார்கள். இருந்தும் இரண்டும் இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்பதைப் பார்த்து, ராத்திரி பதினோரு மணிக்குக் கால்குலேட்டரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் வலி உண்மை என்று தீர்ப்பாயம் நம்பினால்தான். கண்ணுக்குத் தெரியாத காயத்தை எப்படி நம்புவது? இந்தச் சண்டை காருக்கும் முந்தியது. 1866-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், ரயில் மோதலில் அடிபட்டவர்களுக்கு வெளிக்காயம் இல்லாமலே முதுகுத்தண்டு பாதிக்கப்படுகிறது என்று எழுதினார். 'ரயில்வே முதுகு' என்று பெயரே வந்துவிட்டது. இழப்பீடு கேட்டுப் பயணிகள் அந்தப் புத்தகத்தோடு கோர்ட்டுக்குப் போனார்கள். ரயில்வே கம்பெனி ஒன்றின் மருத்துவரான ஹெர்பர்ட் பேஜ் 1883-இல், எல்லாம் அதிர்ச்சியும் மனமும் செய்யும் வேலை என்று மறுத்தார். இருவரும் இன்று திருத்தணிப் பக்கம் வந்தால் பேசிக்கொள்ள விஷயம் இருக்கும். 2011 செப்டம்பர் 13 இரவு அரக்கோணத்தை அடுத்த சித்தேரியில் நின்றிருந்த பாசஞ்சர் ரயிலைப் பின்னாலிருந்து மின்ரயில் மோதியது, உயிர்கள் போயின. 2024 அக்டோபரில் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கவரைப்பேட்டையில், நின்ற சரக்கு ரயிலின் பின்னால் பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது.

எரிக்சன், பேஜ் சண்டையின் அடுத்த கட்டம் லிதுவேனியாவில் நடந்தது. அங்கே அப்போது விப்லாஷுக்கு இழப்பீடு கேட்கும் வழக்கமே இல்லை. பின்னால் இடிபட்ட 202 பேரை ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். அவர்களுக்கு இருந்த கழுத்துவலி, விபத்தே பார்க்காதவர்களுக்கு இருந்ததைவிடக் குறிப்பிடும்படி அதிகமில்லை என்று 1996-இல் லான்செட் இதழில் வந்தது. காப்பீட்டுக் கம்பெனிகள் மகிழ்ந்திருக்கும். ஆய்வின் குறைகளை எடுத்துக்காட்டியவர்களும் உண்டு, குறிப்பாக அதில் பெண்கள் குறைவு. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலம் 1995 தொடக்கத்தில் யார் தப்பு என்று பார்க்காமல் இழப்பீடு தரும் முறைக்கு மாறியது. வலிக்கும் கஷ்டத்துக்கும் கேஸ் போட்டுப் பணம் கேட்பது நின்றது. விப்லாஷ் கோரிக்கைகள் குறைந்தன, ஒரு கோப்பு மூட ஆகும் காலம் 433 நாளிலிருந்து பாதிக்கும் கீழே வந்தது.

அப்படியானால் வலித்தவர்கள் நடித்தார்களா? நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நடிப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லாத விபத்துக்கே கேஸ் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வலிக்கிறது, வலிக்கிறது என்று நிரூபித்துக்கொண்டே இருப்பவர் எப்படி அந்த வலியை மறப்பார்? கேட்டுக்கொண்டே இருந்தால் ஆறின புண்ணும் அரிக்கும். விசாரணை நீண்டால் வலியும் நீள்வதில் என்ன ஆச்சரியம்.

நம் சட்டத்திலும் தப்பு பார்க்காத ஒரு வழி இருக்கிறது. 164-ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், யார் கவனக்குறைவு என்று நிரூபிக்க வேண்டாம். கழுத்துப் பிசகு கொடுங்காயமா? எலும்பு முறியாவிட்டால், கடும் வலியில் இத்தனை நாள் வழக்கமான காரியம் செய்ய முடியவில்லை என்று காட்ட வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் 20 நாள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 15 நாள். இழப்பீட்டு மனுவுக்கு விபத்திலிருந்து ஆறு மாதம் என்ற கெடுவும் 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. அந்தக் கெடு சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

என் கழுத்து ஐந்தாவது வாரத்தில் சரியாயிற்று. தங்கைக்கு இன்னும் குளிர்காலத்தில் இடது தோள்வரை இழுக்கிறது. பையனுக்கு முடி வளர்ந்துவிட்டது.

மறுபடி திருத்தணி போய்த் திரும்பும்போது கோர்ட் சொன்ன இரண்டு நொடிக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு யார் வண்டி ஓட்டுவார்கள்? மலையில் காவடிக்குப் பின்னால் காலை முழுக்கக் கேட்ட ஒரு சொல் கைகொடுத்தது. அரோகரா. அ ஒன்று, ரோ இரண்டு, க ஒன்று, ரா இரண்டு, ஆக ஆறு மாத்திரை. நிதானமாகச் சொன்னால் இரண்டு நொடிக்கு ஒட்டி வரும். முன்னால் போகிற வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டும்போது ஆரம்பிக்க வேண்டும், சொல்லி முடிப்பதற்குள் நாம் அந்தக் கல்லைத் தாண்டக்கூடாது. மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். முன்னே போன பஸ்ஸோடு எங்களுக்கு முழு அரோகராவும் அதற்கு மேலும் இருந்தது. அதே கல்லை நாங்கள் தாண்டியதும், பின்சீட்டிலிருந்து பையன் கண்ணாடி வழியே பின்னால் வருகிற வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டு, "அரோ…" என்று ஆரம்பித்தான்.

"தாண்டிட்டான் மாமா," என்றான்.

கையைப் பின்னால் விட்டு என் ஹெட்ரெஸ்ட்டை இன்னும் ஒரு பல் மேலே ஏற்றினேன்.